மூன்றாம் நாள் பாட்டில்கள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைக் ‘குமிழி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் நீர் பிடித்த பாட்டிலில் கடுகளவு காற்றுக் குமிழி தெரிந்தாலும் போதும், கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்வாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றவள். பாட்டில் கழுவ வேலைக்கு வந்து, பதினெட்டு வருடத்தில் கருவிகளின் நாடி பிடித்துப் பார்க்கிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

காற்றில் பெருகும் கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கடலில் அமிலம் ஏறுகிறது, சிப்பிகள் ஓடு கட்டத் திணறுகின்றன. எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க ஏழு நாடுகள் கை கோத்தன. ஐந்து நாள் கப்பலில் போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரே நீரை இரண்டு பாட்டில்களில் பிடித்தார்கள். ஒன்று வெளிநாட்டிலிருந்த பெரிய கூடத்துக்கு. அதை அவர்கள் ஆட்களே பிடித்தார்கள். இன்னொன்று இவளுடைய சின்னக் கூடத்துக்கு. அதை இவள் பிடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து இரு தரப்பு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாம் நாள் மட்டும் ஒட்டவில்லை. பெரிய கூடத்தின் எண்களில் அமிலம் கூடுதல்.

“அவங்க மெஷின் நம்மளதுக்கு அப்பன் மாதிரி. மூணாம் நாள் நம்ம எண்களத் தள்ளிடலாம்னு பாக்கறேன்,” என்றார் கூடத்தின் தலைவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. “நம்ம மெஷின் தப்புன்னா அஞ்சு நாளும் தப்பா இருக்கணுமே சார். மூணாம் நாள் மட்டும் அதுக்கு என்ன வந்துச்சு?”

அவர் பதில் சொல்வதற்குள் தன் நோட்டை எடுத்து வந்து விரித்தாள். பிடித்த நீரில் உயிர்வாழும் நுண்ணுயிர்கள் மூச்சு விட்டு விட்டே அமிலத்தை ஏற்றிவிடும். அதனால் பாட்டிலை மூடுமுன் இரண்டு சொட்டு விஷம் விட்டு அவற்றைக் கொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பக்கத்தில், ‘அலை பயங்கரம். பாதிப் பேருக்கு வாந்தி’ என்று எழுதியிருந்தது. கீழே, பாட்டிலுக்கு ஒன்றாக இருபத்து நாலு ‘சொட்டு விட்டாச்சு’. எழுத்து கோணல்மாணல், ஆனால் ஒன்றும் விடுபடவில்லை.

“அவங்க விட்டாங்களான்னு கேளுங்க சார்.”

“பெரிய இடம்மா. குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்.”

“குத்தம் எங்க சார் சொன்னேன்? கேள்விதானே கேக்கறேன்.”

மறுநாள் திரையில் ஏழு நாட்டு முகங்களும் தெரிய, தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். பெரிய கூடத்தை நடத்தும் அம்மாள், மிச்சம் இருக்கும் நீரைச் சோதித்துச் சொல்வதாகச் சொன்னார். பதில் வராத ஒன்பது நாளும் இவள் அந்த நோட்டுப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாள். ‘வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ?’

பத்தாம் நாள் அந்த அம்மாளே அழைத்தார். தலைவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்: “அந்த நீர்ல விஷம் துளிகூட இல்லையாம். தப்பு எங்களோடதுதான், உங்க எண்தான் சரின்னு சொல்றாங்க. அப்புறம்... உன் நோட்டுப் பக்கம் வேணுமாம்மா. இனிமே ஏழு நாடும் அதே மாதிரிதான் எழுதப்போகுதாம்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது எழுதியவர்கள் வரிசையில் ஐந்தாவதாக அவள் பெயர் இருந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவள் கணவனுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் முதல் பக்கத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, அவள் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டான். ஒரு நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனவள், சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரிடம் அவன் பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

“என் பொண்டாட்டி பேருண்ணே. ஏழு நாடும் தலையாட்டின பேரு. நீங்க மட்டும் ஆட்டாதீங்க, கத்தி பட்டுடும்.”

உள்ளே போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.