புதன்கிழமைக் கப்பல்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற வதந்தி எங்கள் வீட்டில் பரவியதற்குக் காரணம் ஒரு நரி. கொட்டாஞ்சேனையில் நான் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பில், நரியைப் பற்றிய ஒரு ஆங்கிலப் பாட்டை மூச்சுவிடாமல் ஒப்புவித்து முதற்பரிசு வாங்கினேன். அந்தப் பாட்டில் நரி என்ன செய்தது என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் பரிசாகக் கிடைத்த புத்தகத்தை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மகள் வெள்ளைக்காரி மாதிரிக் கதைப்பாள் என்று அவர் சொல்லச் சொல்ல, அது பொய் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமை என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்ட இடம் எங்கள் முன்ஹோலில் இருந்த டிவி. கப்பலில் வேலை செய்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, சிங்கப்பூரில் வாங்கி வந்து வைத்துவிட்டுத் திரும்பக் கப்பலேறிய சாமான் அது. அதன் தலையில் ஒரு லேஸ் துணி விரித்து, துணியின்மேல் மாதா சொரூபத்தை வைத்திருந்தோம். வீட்டில் அதைவிட நல்ல மேசை வேறு இருக்கவில்லை. ஆகையால் ஏழு மணிக்கு மாதாவைப் பார்த்துச் செபமாலை சொல்லி முடித்து, முழங்காலை எடுக்காமலே கண்ணை ஒரு முழம் கீழே இறக்கினால் டிவி பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் டிவிக்கு உண்மையான பக்தை பெரியம்மா ஒருவர்தான். அம்மாவின் மூத்த அக்கா. கலியாணம் செய்யாமல் எங்களோடேயே இருந்தார். பகலெல்லாம் தபால் கந்தோரில் முத்திரை விற்று, சண்டை பிடிக்கிற சனத்தைச் சமாளித்து, வீட்டுக்கு வந்தால் அதிகம் வாய் திறக்காத மனுஷி. அப்படிப்பட்டவர் ஒரு விண்வெளித் தொடரில் போய் விழுந்தார். வழி தவறிப்போன ஒரு விண்கப்பல் பூமிக்குத் திரும்ப வழி தேடி அலையும் கதை. கிழமைக்கு ஒரு கிரகம். புதன்கிழமைகளில் ஏழரை மணிக்கு. கப்பலில் எல்லாரும் ஆங்கிலம் கதைத்தார்கள், அடியில் சிங்கள எழுத்து ஓடியது. தமிழ் மட்டும் அந்தப் பிரபஞ்சத்தில் எங்கேயும் இருக்கவில்லை.

முதல் நாள் அந்தக் கப்பலின் கப்பித்தான் ஒரு பச்சை முகப் பெண்ணின் முன்னால் நின்று எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, என்ன சொல்கிறான் என்று பொதுவாகக் கேட்டார். பேப்பருக்குப் பின்னால் இருந்த அப்பா, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி இருக்கும்போது என்ன கவலை, அவளைக் கேளுங்கோ என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நீண்ட பேச்சில் எனக்குப் பிடிபட்டவை கப்பல், இல்லை, நாளைக்கு என்ற மூன்று சொற்கள். மூன்று சொற்களை வைத்து ஒரு பிள்ளை என்ன செய்யும்?

“இவளின்ர தங்கச்சியைக் கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டுக் கப்பித்தான் ஏமாத்திப்போட்டாராம். அதைத்தான் கேக்கிறாள்.”

பெரியம்மா கப்பித்தானை மேலும் கீழும் பார்த்தார். ஆளைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்.

அவ்வளவுதான், நான் பிழைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கப்பலை ஓட்டியவர் கப்பித்தான் அல்ல, நான். எனக்குத் தெரிந்த உலகம் எங்கள் ஒழுங்கையும் அடுத்த ஒழுங்கையும்தான் என்பதால், விண்வெளியிலும் அதுவே நடந்தது. காது நீண்ட விஞ்ஞானிக்கும் எஞ்சின்காரனுக்கும் காணிப் பிரச்சினை வந்தது. வெள்ளி உடுப்புக்காரர்கள் சம்பந்தம் பேச வந்துவிட்டுச் சாப்பாடு சரியில்லை என்று கோபித்துக்கொண்டு போனார்கள். எரிபொருள் தீர்ந்து கப்பல் இருட்டில் நின்றபோது, மண்ணெண்ணெய்க் கியூவில் கப்பித்தானின் இடத்தை யாரோ பிடித்துவிட்டதாகச் சொன்னேன். கதை மிகவும் இழுபட்ட ஒரு கிழமை, கப்பித்தானுக்குப் பூமியில் ஒரு அம்மாவையும் உண்டாக்கினேன். அந்த அம்மா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், வராத மகனுக்கும் சேர்த்து மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைப்பார். அதை நான் தூர இடத்தில் தேடவில்லை. கடலில் இருக்கிற மாமாவுக்கு எங்கள் வீட்டு நத்தார் மேசையில் பெரியம்மா வைக்கிற கோப்பைதான் அது.

பெரியம்மா டிவி பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டும். கப்பல் கதவு திறந்தால் சிலுவை போடுவார். சிவப்பு விளக்குகள் மின்னினால் என் மணிக்கட்டைப் பிடிப்பார், விளக்கு அணையும்வரை விடமாட்டார். கப்பித்தான் தலையில் ஒன்றும் போடாமல் வேற்றுக் கிரகத்தில் இறங்கினால், இந்தப் பனிக்குள் என்ன திமிர் என்று ஏசுவார். பச்சை முகக்காரி அவரைக் கட்டிப்போட்ட அன்று, வேணும், நல்லா வேணும் என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆனால் அடி விழத் தொடங்கியதும் எழும்பி டிவிக்குக் கிட்டப் போய், போதும் விடடி என்றார். மாதா சொரூபம் ஆடியது. அம்மா ஓடி வந்து சொரூபத்தைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு விசர் என்றார்.

என்னிடம் கேள்வியும் கேட்பார். போன கிழமை தங்கச்சி என்றாய், இந்தக் கிழமை மச்சாளோ என்பார். விஞ்ஞானியின் காணி வழக்கு என்ன ஆனது என்பார். நான் மறந்துவிட்டதையெல்லாம் அவர் ஞாபகம் வைத்திருந்தார். அதனால் செவ்வாய்க்கிழமையே நான் புதன்கிழமைக்குக் கதை யோசிக்கத் தொடங்கினேன். எனக்குக் கூலி, கந்தோரால் வரும்போது அவர் பேக்கரியில் வாங்கி வரும், மீன் வைத்த ஒரு சூடான மாலு பணிஸ். புதன்கிழமைகளில் செபமாலையும் வழக்கத்தைவிட வேகமாக ஓடி முடிந்தது. மாதா ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். பெரியம்மா ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, இது அந்தக் கப்பலுக்கு என்றார். நான் சொன்ன பொய்க்கு அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி எரிகிறதே.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், புதன்கிழமைகளில் பொய் சொல்கிறேன் சுவாமி என்றேன். மற்ற நாட்களில் என்று சுவாமி கேட்டார். மற்ற நாட்களில் இல்லை என்றேன். அவர் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். அடுத்த புதனும் வந்தது, பொய்யும் வந்தது.

இப்படியே பத்து மாதம் போனது. ஒரு புதன்கிழமை, தொடர் முடிந்து எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தபோது, வருகிற கிழமையோடு கதை முடியுதாம் என்றார் பெரியம்மா. அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா கப்பலால் வந்து இறங்கவிருந்தார். பாதி உலகத் துறைமுகங்களில் ஆங்கிலத்தில் பேரம் பேசிய மனிதர். வந்த கையோடு, கடைசிக் கதையைத் தானும் பார்க்கப்போவதாக அவர் சொல்லிவிட்டார்.

பயம் பரிசுப் புத்தகம் வாங்கித் தந்த பெயரைப் பற்றியது மட்டுமல்ல. மாமா உண்மைக் கதையைச் சொல்லிவிட்டால், பத்து மாதம் பெரியம்மா ஏசியதும் அழுததும் மெழுகுதிரி கொளுத்தியதும் என்னவாகும்? ஒரு சின்னப் பெட்டையின் புளுகுக்காகவா என்று அவருக்கு வெட்கமாக இருக்காதா? பிறகு அந்தக் கதிரையில் தன் பக்கத்தில் என்னை இருத்துவாரா? புதன்கிழமை காய்ச்சல் வரவேண்டும் என்று அதே அந்தோனியாரிடம் மன்றாடினேன். வரவில்லை.

ஏழரைக்கு எல்லாரும் முன்ஹோலில். அப்பா பேப்பரோடு, மாமா வாசல் பக்கக் கதிரையில், அம்மா குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் அகப்பையோடு. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தொடங்கு என்றார். நான் தொடங்கினேன். காணி வழக்கு இன்றைக்குத் தீர்ப்பாம் என்றேன். மாமா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் டிவியைப் பார்த்தார். பச்சை முகக்காரி தங்கச்சியின் கலியாணத்துக்குக் கப்பித்தானைக் கூப்பிட வந்திருக்கிறாள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

“அக்கா, இவள் சொல்றது என்ன எண்டு தெரியுமோ? அந்த மனுஷன் உண்மையில...”

“தம்பி, நீ பேசாம இரு,” என்றார் பெரியம்மா, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். “பத்து மாசமா இவள்தான் சொன்னவள். முடிவையும் இவளே சொல்லட்டும்.”

மாமா வாயை மூடிக்கொண்டார். எத்தனையோ கப்பல்களில் எத்தனையோ கப்பித்தான்களைப் பார்த்தவர்தான், ஆனாலும் அக்காவுக்குப் பயந்தவர்.

கடைசிக் காட்சியில் கப்பல் மற்ற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கப்பித்தான் மட்டும் அந்த அந்நியக் கிரகத்தின் கரையில் நின்றார். கையில் இருந்த சின்னக் கருவியில் கப்பலோடு கதைத்தார். பத்து மாதத்தில் அவர் அவ்வளவு நேரம் கதைத்ததே இல்லை. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள், மாமாவும் சேர்த்து.

“அம்மாட்டச் சொல்லட்டாம்,” என்றேன். “நத்தாருக்கு மேசையில அவருக்கும் ஒரு கோப்பை வைக்கட்டாம். அடுத்த கப்பலில கட்டாயம் வாறாராம்.”

பெரியம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“எல்லாக் கப்பல்காரரும் இதைத்தான் சொல்றது,” என்றார்.

அவர் மாமாவின் பக்கம் திரும்பவில்லை. மாமாதான் தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நத்தாரில் ஒன்றுக்குக்கூட வராத கை அது. பிறகு அவர் எழும்பிப் போய் டிவியை நிற்பாட்டினார்.

“ஓம் அக்கா,” என்றார். “அவள் சரியாத்தான் சொல்றாள்.”

அந்த வருடம் மாமா லீவை நீட்டி நத்தார்வரை நின்றார். கோப்பைக்கு முன்னால் உண்மையிலேயே ஆள் இருந்ததில் பெரியம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தில் கேக்கில் சீனி கூடிப்போனது. நான் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் நான்கு துண்டு சாப்பிட்டேன். பாவம் பெரியம்மா, இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

எனக்கு நாற்பத்து மூன்று வயதில் வெள்ளெழுத்து வந்தது. கண்ணாடிக் கடைக்காரர், இது கிட்ட உள்ள எழுத்தை வாசிக்க மட்டும்தான், தூரத்துக்குக் கழற்றிவிடுங்கள் என்றார். அன்று பின்னேரம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பெரியம்மாவைப் போலவே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன். அடியில் ஓடிய எழுத்துகள் ஒன்றுவிடாமல் பளிச்சென்று தெரிந்தன. அப்போதுதான் அந்தக் கடைசிக் கதைக்கு மறுநாள், வியாழக்கிழமை, ஞாபகத்துக்கு வந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் பெரியம்மாவோடு வீட்டுக்குப் போகத் தபால் கந்தோருக்குப் போனேன். பெரியம்மாவின் முத்திரைக் கூண்டுக்கு வெளியே ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா அரசாங்கக் கடிதமொன்றை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லா அரசாங்கக் கடிதங்களையும் போல அதுவும் சிங்களத்தில் இருந்தது. அவருக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கினார். அரசாங்க வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் தமிழர் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டிய காலம் அது. பெரியம்மா எப்போதோ பாஸ் பண்ணியிருந்தார். ஒரு வரியைச் சிங்களத்தில் மளமளவென்று வாசிப்பார், உடனே அதைத் தமிழில் சொல்வார். மகனின் அடையாள அட்டைக்குக் கொடுத்த படம் சரியில்லையாம், புதுப் படம் இரண்டு வேண்டுமாம், பிறப்புச் சான்றிதழும் வேண்டுமாம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த அம்மா இரண்டாம் தரமும் கேட்டார். பெரியம்மா அதையே, அதே சொற்களில் இரண்டாம் தரமும் சொன்னார்.

நான் கூண்டில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். எப்போது முடியும், மாலு பணிஸ் ஆறிவிடுமே என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“வாற புதன் புதுசா ஒண்டு தொடங்குதாம்,” என்றார். “கடலுக்கு அடியில போற கப்பலாம். நீதான் சொல்லவேணும்.”

“அதுவும் இங்கிலிசுதானே பெரியம்மா,” என்றேன். “எனக்கு விளங்கும்.”