புருவக்காரிக்கு முழுகிய தலை

கரடியூர்க் கண்ணாயி ஒரு வெள்ளைக்காரிக்காகத் தலை முழுகினாள். ஊர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநாள் ஆயிற்று.

ஏற்காட்டில் தோட்டத்துரைமார் கிளப்பில் தட்டு ஏந்துகிற வேலை அவளுக்கு. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் ஊருக்குப் போகாமல் மிச்சமிருந்த துரைகள், சனிக்கிழமை சாயங்காலம் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய இங்கிலீஷ் படம் பார்ப்பார்கள். சேலத்திலிருந்து படம் ஓட்டுகிற மெஷின்காரர் வேலுசாமி சுருள் பெட்டியோடு பஸ்ஸில் வருவார். எந்தப் பெட்டி கைக்குக் கிடைத்ததோ அதுதான் படம்.

கண்ணாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடிக்கிறவர்களுக்கு அவளே பேர் வைத்திருந்தாள். தொளதொள கால்சட்டைக்காரன், செருப்பாலேயே தாளம் போடுகிறவன், புருவக்காரி. இதில் புருவக்காரி மேல் மட்டும் பயபக்தி. கோடு கிழித்தாற்போல் மெல்லிய புருவம். அதைக் கொஞ்சம் தூக்கினால் போதும், கிளாஸைத் தட்டிக்கொண்டிருந்த துரைகூடக் கையை மடக்கிக்கொள்வார்.

அந்தப் புருவக்காரி ஒரு சனிக்கிழமை செத்துப்போனாள்.

கண்ணாயி கூத்துப் பார்க்காதவள் இல்லை. மேடையில் செத்த ராஜா திரைக்குப் பின்னால் பீடி பற்றவைத்ததைப் பார்த்தவள்தான். ஆனால் கூத்தில் சாகிறவன் கத்தித்தான் சாவான். இவள் இருமி, இளைத்து, புருஷன் மாதிரி ஒருத்தன் கையில் சாய்ந்து, சிரித்தபடியே கண்ணில் வெளிச்சம் அணைந்து போனாள். பெற்ற தாய் போனபோது பக்கத்தில் இருந்தவள் கண்ணாயி. அதே கண். இதை யாரும் நடிக்க முடியாது.

சாவைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தலை முழுகாமல் எப்படி அடுப்பு மூட்டுவது? விடிந்ததும் ஓடைக்குப் போய் முழுகிவிட்டு ஈரச் சேலையோடு வந்தாள். எதிரே கணவனின் அண்ணன் ஐயாக்கண்ணு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி பொன்னுவேல் ஒரு மேஸ்திரியோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போய் ஒன்பது வருஷம். தகவல் இல்லை. செத்தான் என்று வைத்துத் தலை முழுகிவிட்டால் கண்ணாயிக்கு ஒரு வழி பிறக்கும். தாலியை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டுவது மலையில் வழக்கம்தான். அவள்தான் மசியவில்லை. இப்போது அவள் சுமங்கலியும் இல்லை, மற்றதும் இல்லை. விசேஷ வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டுகிற கை அவளிடம் வந்ததும் தயங்கும்.

"முழுகிட்டியா கண்ணு? இப்பவாச்சும் மனசு வந்துச்சே."

"அவருக்கில்லீங்க மாமா. கிளப்புல ஒரு வெள்ளைக்காரி செத்துட்டா."

"எந்தத் துரை ஊட்டு அம்மா?"

"துணியில வர்றவங்க."

ஐயாக்கண்ணு தோளிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஏம்மா, என் கூடப் பொறந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்திக்க மனசு வரல, துணியில வர்றவளுக்கு ஓடையே பத்தலையா!"

அடுத்த மாதம் இன்னொரு பெட்டி வந்தது. விளக்கை அணைத்தார்கள். துணியில் புருவக்காரி வந்து நின்றாள். பத்து வயசு குறைந்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. படம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

 மறுநாள் விடிந்ததும் ஐயாக்கண்ணு வீட்டு வாசலில் நின்றாள்.

"அவசரப்பட்டுட்டனுங்க மாமா. அந்தம்மா உசுரோட திரும்பி வந்துட்டாங்க. ஆனா நான் தலை முழுகின பாவத்துல வாய் போச்சுங்க. நீங்க சொன்னபடி அவருக்கும் முழுகிட்டு, நாளைக்கு உங்க தம்பி ஊமையா வந்து நின்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

ஐயாக்கண்ணுவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த சனிக்கிழமை வேலுசாமியின் பெட்டியைத் தானே சுமந்து வந்தார். "ஏனுங்க மெஷின்காரரே, இவளுக்குக் கொஞ்சம் வெளங்கச் சொல்லுங்க."

வேலுசாமி சிரிக்கவில்லை. "அவங்க பேரு கிரெட்டா கார்போ. பனி பெய்யற தேசத்துல பொறந்து, இருவது வயசுக்குள்ள அமெரிக்கா போனவங்க. அப்ப படம் பேசாதும்மா. எல்லாரும் ஊமைதான். நீ ரெண்டாவதா பாத்தது முதல்ல எடுத்தது."

"அப்ப வாய் போகலீங்களா?"

"பேசும்படம் வந்தப்ப, இவங்க பேச்சு அந்த ஊரு ஆளுங்களுக்கு ஒட்டுமான்னு கம்பெனிக்காரங்களே பயந்தாங்க. பேசிட்டாங்க. அதக் கேக்கவே சனம் குமிஞ்சுது. நீ பாத்த மாதிரி எத்தன படத்துல செத்தாங்க! செத்துட்டு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்க."

கண்ணாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணை அணைத்து, மறுபடி ஏற்றத் தெரிந்தவளா! சாமிகூட ஒருத்தர் மேல் இறங்கினால் மலையேற நேரம் எடுத்துக்கொள்ளுமே.

"இப்ப புதுப்படம் வருதுங்களா?"

"வராது. முப்பத்தாறு வயசுல, நல்லா ஓடிக்கிட்டிருக்கையில, வேலைய உட்டுட்டாங்க."

"செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்காங்க. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாங்க. வரல. தொப்பியப் போட்டுக்கிட்டு வீதியில தனியா நடந்து போறாங்களாம்."

 செத்தால்தான் ஒருத்தர் வராமல் போவார் என்று கண்ணாயி இத்தனை நாள் நினைத்திருந்தாள். உயிரோடு, சுகமாக, எங்கோ நடந்துகொண்டே ஒருத்தர் வராமலும் இருக்கலாம். அதைச் சாவு என்று சொல்லவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் நிதானமாகத் தலை முழுகினாள். நல்ல சேலை கட்டினாள். கழுத்தில் கிடந்த கயிற்றைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து ஐயாக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"செத்தவருக்கு முழுகலீங்க மாமா. வராதவருக்கு முழுகிட்டேன். வந்தா இதக் குடுத்துருங்க."

அவர் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஊருல கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

"கண்ணாயி வேலைய உட்டுட்டான்னு சொல்லுங்க."

அந்த மாதக் கடைசியில் பழைய பெட்டியே மறுபடி வந்தது. புருவக்காரி இருமினாள், இளைத்தாள், கையில் சாய்ந்தாள். கண்ணாயி தட்டோடு கதவோரம் நின்றாள். கண்ணில் வெளிச்சம் அணைந்தபோது அவளுக்கு இந்த முறையும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அழவில்லை. துணி வெறுமையாகி விளக்குப் போட்ட பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தம்மா இந்நேரம் எழுந்து தொப்பியைத் தேடுவாள் என்பதுபோல.