கப்பல் ஓட்டலின் பச்சை

மத்தியானத்துலேர்ந்து ஒரு இடத்துல உக்கார முடியல. உங்ககிட்டயாவது கொட்டிடறேன்.

போன சீசன்ல எங்க பனியன் கம்பெனிக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் அவிநாசிபாளையம் கப்பல் ஓட்டல்ல டீ குடிச்சார். கப்பல் மாதிரி வளைஞ்ச முகப்பு, வட்ட ஜன்னல், பச்சைச் சுவர்னு அந்தக் காலத்துக் கட்டடம். போட்டோ எடுத்துட்டுப் போய், அதையே டீ-சர்ட் பிரிண்டா ஆர்டர் குடுத்துட்டார். நேத்து மெயில் வந்துச்சு: "பச்சை சரியில்லை. சுவரைப் பார்த்து மேட்ச் பண்ணுங்க."

அந்தப் பிரிண்ட் போட்ட சாம்பிள் துணியோட இன்னிக்கு பஸ் ஏறினேன்.

"கப்பல் ஓட்டல் எறங்குங்க"ன்னார் கண்டக்டர். இறங்கினா ஓட்டலையே காணோம். ஜேசிபி நிக்குது.

ஓட்டல்காரர் ஓரமா நின்னுட்டு இருந்தார். "காம்ப்ளக்ஸ் வருதுங்க."

"ஏனுங்க, அதுக்குள்ள இடிக்கோணுமா?"ன்னு கத்திட்டேன். நான் யாரு கேக்க? எனக்கு வேண்டியது கலர்.

அவர் கோவிச்சுக்கல. இடிபாட்டுல தேடி ஒரு காரைத்துண்டை எடுத்துக் குடுத்தார். "வெய்யில் படாத பக்கமுங்க. இதுதான் நெசப் பச்சை."

துணியை விரிச்சேன். அச்சுல இருந்த வட்ட ஜன்னலை விரலால தடவினார்.

"எங்கப்பா கட்டினதுங்க. ஒரு போட்டோகூட எடுத்து வெக்கலீங்க. இந்தப் பனியன் ஒண்ணு கெடைக்குமுங்களா?"

"எக்ஸ்போர்ட் பீஸுங்க, வெளிய குடுக்க மாட்டாங்க"ன்னு வாய் தானா சொல்லிருச்சு.

அந்தக் காரைத்துண்டை வெச்சுப் பாத்ததுல கலர் இப்ப அச்சு அசலா மேட்ச் ஆயிடுச்சு.

எக்ஸ்போர்ட் போக மிஞ்சின பீஸ் எப்படியும் காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு விக்க வரும். யார் கண்ணுல பட்டாலும் பேரம் பேசாம ஒண்ணு எடுத்து வைங்க. எக்ஸ்எல். ஓட்டல்காரர் கொஞ்சம் தாட்டியான ஆளு.