பாஸ்வர்ட் கேட்காத மெனு

"என்னா மெக்கானிக், பாஸ்வர்ட் கேக்கவே இல்லையே?" என்றார் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சுப்பையா.

"கேக்காம போனா ஒங்களுக்கு ஒரு வேல மிச்சந்தானே, கிராணி" என்று சிரித்தேன். கேமரன் மலைக் குளிரில், காலை பத்து மணிக்கு, சட்டை நனைய வியர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் கடைசி அது. நான் ஈப்போவில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் மெக்கானிக். அதற்கு முன்னால் டைப்ரைட்டர் மெக்கானிக். நடுவில் பத்து நாள் பயிற்சி. அதிலும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மிச்ச எட்டு நாள் படிப்பை வைத்துக்கொண்டு, பிரிஞ்சாங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு, தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தியை அடக்கியபடி ஏறி வருவேன்.

1. ஒரு நாற்காலி, இரண்டு பேர்

அந்த ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்கை இரண்டு பகுதியாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் டாஸ் என்ற இயங்குதளம், கிராணியின் வேலை எல்லாம் அதில்தான். இன்னொன்றில் யூனிக்ஸ், கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் அனுப்பப்போகும் புதுப் புரோகிராமுக்காகப் போட்டு வைத்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, ஒரு பிளாப்பியைப் போட்டு நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கிராணி மூன்றாவது கேள்வியில் எனக்கு போன் போடுவார்.

அதனால் துரை உத்தரவு போட்டார். தோட்ட மேனேஜரைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர் போய் நம்ம ஆள் வந்து வெகு நாளாகியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் துரைதான். "மெனு ஒண்ணு போட்டுடுப்பா. ஒண்ணு தட்டுனா டாஸ், ரெண்டு தட்டுனா மத்தது. முடிஞ்சிச்சு."

முடிந்திருக்கும். ஆனால் டாஸ் பகுதி பூட்டியிருந்தது. ஆறு மாதம் முன்னால் துரை கேட்டு நான்தான் ஒரு பூட்டுப் புரோகிராம் போட்டேன். உள்ளே இருப்பதை எல்லாம் அது கலைத்து எழுதிவிடும். மெஷின் எழுந்ததும் பாஸ்வர்ட் கேட்கும். சரியாக அடித்தால்தான் எழுத்து நேராகும். பாஸ்வர்ட் கேட்கும் அந்தத் துண்டும், கலைந்ததை நேராக்கும் சாவியும் மெஷின் எழும்போது முதலில் படிக்கிற இடமான டிஸ்கின் முதல் செக்டரில் இருந்தன. மெனுவும் அதே இடத்தில்தான் உட்காரும்; உட்கார்ந்தால் முன்னது அழிந்துவிடும்.

முறை எனக்குத் தெரியாமல் இல்லை. முதலில் பூட்டை முழுசாக நீக்க வேண்டும், பிறகு மெனு, அதற்குப் பிறகு மெனுவுக்கு இடம் விட்டு மறுபடி பூட்டு. பூட்டை நீக்க மூன்று மணி நேரம் ஆகும். எனக்கோ மத்தியானம் கியா பார்மில் சிநேகிதன் வீட்டில் கோழிக்கறி. முறையைத் தாண்டிக் குதித்தேன்.

மெனு அழகாக வந்தது. கறுப்புத் திரையில் பச்சையாக இரண்டு வரி. கிராணி ஒன்றைத் தட்டினார். பாஸ்வர்ட் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அப்புறம், இது நான் படிக்கக்கூடிய டிஸ்கே இல்லை என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் ரெண்டைத் தட்டிப் பார்த்தேன். யூனிக்ஸ் ஜம்மென்று எழுந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணுமில்லலா, டிஸ்க் யோசிக்குது" என்றேன்.

"எம்புட்டு நேரம் யோசிக்கும்?"

"சிலது கொஞ்சம் ஆழமா யோசிக்கும், கிராணி."

"வெரசா யோசிக்கச் சொல்லுங்க. பேச்சியம்மா ரெண்டு மணி லோரியப் புடிக்கணும்."

அப்போதுதான் வாசலில் நின்ற பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிறவர். திருவிழாவுக்கு எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை இடுக்கியிருந்தார்.

பேச்சியம்மா இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. இங்கே தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அர்த்தம். பதிவு இலாகா அதிகாரிகள் அன்று பிரிஞ்சாங்குக்கு வந்திருந்தார்கள். தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தில் இருப்பதைத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு மனு எடுப்பார்கள். போன தடவை அந்தத் தாள் இல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பிறப்புப் புத்தகம் ஆபீஸ் கூரை ஒழுகி, நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. நல்ல வேளை, அதற்கு முன்பே கிராணி அத்தனையையும் ஒரு விரலால் கம்ப்யூட்டரில் அடித்து முடித்திருந்தார். பிரிண்டர் ரிப்பன் தீர்ந்து போனதால் தாள் எடுக்கவில்லை. புது ரிப்பனை அன்று காலை நான்தான் கொண்டு வந்தேன். ஒரு கையில் ரிப்பனைக் கொடுத்து, மறு கையால் புத்தகத்தையே அழித்திருக்கிறேன்.

2. ஈரம் படாத இடம்

மூன்று தரம் கக்கூசுக்குப் போய் வந்தேன். மூன்றாவது தரம் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. பூட்டுப் போட்ட அன்றைக்கே முதல் செக்டரைப் பிரதி எடுத்து ஒரு மீட்பு பிளாப்பி செய்து கிராணியிடம் கொடுத்திருந்தேன்! ஓடி வந்தேன்.

"கிராணி, அந்தப் பிளாப்பி எங்க?"

"பத்திரமா இருக்கு. ஈரம் பட்டா பூஞ்சணம் புடிக்கும், காஞ்ச எடத்துல வைங்கன்னீங்கள்ல? ஃபேக்டரியில டிரையர் மேல தட்டுல வச்சிருக்கேன்."

அலாமா! கேமரன் மலையில் உப்பு நீர்த்துப் போகும், தீக்குச்சி எரியாது, பிஸ்கட் வளையும். அதனால் தோட்டத்து ஆட்கள் எல்லாவற்றையும் தேயிலையை உலர்த்தும் டிரையர் பக்கத்தில்தான் வைப்பார்கள். கிராணி மேல் பிழையே இல்லை. ஈரம் ஆகாது என்று சொன்ன நான், சூடும் ஆகாது என்று சொல்லவில்லை.

ஃபேக்டரிக்கு இறங்கி ஓடினோம். உப்பு ஜாடிக்கும் ஒரு கட்டுத் தீப்பெட்டிக்கும் நடுவில் இருந்தது என் பிளாப்பி. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஆபீசுக்குக் கொண்டுவந்து டிரைவில் நுழைத்தால் பாதியில் நின்றது. மணி பன்னிரண்டேகால்.

இதற்கு மேல் யோசிக்கும் டிஸ்க் கதை ஓடாது. பேச்சியம்மாவிடம் போய் நின்றேன்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். ஒங்க பேரு உள்ள இருக்கு. தொறக்குற சாவிய நான் அழிச்சிட்டேன். மாத்துச் சாவி இதுல இருக்கு, இது வளைஞ்சி கெடக்கு."

அவர் பிளாப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஈப்போலேருந்து இதுக்குத்தான் வந்தீங்களா தம்பி?" என்றார்.

நான் நீட்டிய பிளாப்பியை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"வளைஞ்சது மேல் ஒறையா, உள்ள இருக்குறதா?"

எட்டு நாள் படித்தவனுக்கு அதுவரை தோன்றாத கேள்வி. அட்டை மாதிரி இருப்பது வெறும் உறைதான். எழுத்து இருப்பது உள்ளே சுற்றுகிற மெல்லிய வட்டத்தில். உறைதான் இளகும்; வட்டம் கொஞ்சம் சூடு தாங்கும். வேறு உறையில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்!

3. வெள்ளைப் புள்ளி

புது பிளாப்பி ஒன்றை எடுத்து, உறையின் ஒரு ஓரத்தைப் பிளேடால் கீறி, உள்ளிருந்த வட்டத்தை உருவிப் போட்டேன். காலி உறை தயார். அடுத்து நெளிந்த பிளாப்பி. அதன் மூன்று ஓரத்தையும் வெட்ட வேண்டும். வட்டத்தில் பிளேடு பட்டால் போச்சு. முதல் ஓரம் வெட்டினேன். இரண்டாவது ஓரத்தில் பிளேடு வழுக்கி என் கட்டை விரலைத்தான் வெட்டியது.

"ரத்தம் அதுல சிந்தப் போவுது. இப்படிக் குடுங்க" என்றார் பேச்சியம்மா. "ஒங்க கைக்கு ஒரு கொழுந்து கிள்ள முடியுமா?"

"நடுவுல தொடக்கூடாது அக்கா. ஓரத்த மட்டும்..."

"சொன்னா புரியும். தள்ளி நில்லுங்க."

பேச்சியம்மா மிச்சத்தை வெட்டி, உறையைத் திறந்து, வட்டத்தின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்துப் புது உறைக்குள் இறக்கினார். நான் டிரைவில் நுழைத்தேன். இந்தத் தடவை உள்ளே போனது. மெஷின் உறுமியது, கரகரத்தது. படிக்க முடியவில்லை என்றது.

இன்னொரு தரம். முடியவில்லை என்றது. மணி ஒன்றேகால்.

"செத்துப்போச்சா?" என்றார் கிராணி.

நான் நாற்காலியில் விழுந்தேன். அப்போதுதான் உறைத்தது: வட்டத்தை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேல் என்று நான் பென்சிலால் குறித்து வைக்கவில்லை. திருப்பிப் போட்டிருந்தால் மெஷின் படிக்காது.

"அக்கா, எடுக்கையில மேல இருந்த பக்கம்..."

"நடு ஓட்டைக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு. தொறக்கையில அது மேல பாத்துச்சு. நீங்க நெருங்கி நெருங்கி நின்னு பதட்டம் குடுத்தீங்க, நான் திருப்பி வச்சிட்டேன் போல."

வெளியே எடுத்துப் பார்த்தோம். புள்ளி கீழே இருந்தது. அவர் மறுபடி திருப்பி வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு டிரைவின் கதவை அடைத்தேன்.

"கண்ணத் தொறங்க, என்னமோ கேக்குது" என்றார் கிராணி.

பூட்டின் முதல் செக்டரைத் திரும்ப எழுதவா, ஆமாவா இல்லையா என்று கேட்டிருந்தது. ஆமா தட்டினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். என் அழகான மெனு வரவில்லை. அந்த இடத்தில் பாஸ்வர்ட் கேட்டது. வாழ்க்கையில் ஒரு கேள்வியைக் கண்டு நான் அழுதது அன்று ஒரு தரம்தான். கிராணி வழக்கம்போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் அடித்தார்.

பிரிண்டர் கீச்கீச்சென்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது: தாய் பெயர், லயத்து எண், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, தேதி. பேச்சியம்மா என்னை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். துரை தேயிலைக் காட்டிலிருந்து வந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"மெனு வந்துச்சாப்பா?"

"வந்துச்சு துரை. திரும்பப் போயிடுச்சு."

லோரி ஹார்ன் அடித்தது. பேச்சியம்மா தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். அவர் போன பிறகுதான் என் விரலில் இன்னும் ரத்தம் வடிவதைப் பார்த்தேன். கோழிக்கறி ஞாபகம் அதற்கும் பிறகுதான் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூட்டிய டிஸ்கின் முதல் செக்டரில் கை வைக்காதீர்கள். மீட்பு பிளாப்பியை எங்கே வைப்பது என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்களே வைத்துவிட்டு வாருங்கள். முக்கியமாக, வேலையைத் தொடங்கும் முன், இந்த டிஸ்குக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் பூட்டையும் மெனுவையும் பற்றித்தான் யோசித்தேன். உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

மறுவாரம் மெனு போடப் போனேன். ஆபீசுக்கு ஏறும் வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மெக்கானிக்கு! மனுவ வாங்கிக்கிட்டாங்க! இன்னைக்கு யார அழிக்க வந்திருக்கீங்க?"

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டிவிட்டுப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பூட்டை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.