பதினொன்றுக்குப் பிறகு

இதைச் சொன்னால், "அலைச்சலில் காதில் ஏதோ விழுந்திருக்கும்" என்பார்கள். இல்லை. அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நடந்தது எல்லாம் மணியோடு நினைவிருக்கிறது.

ஒரு இசை நாடகக் குழுவில் பதினோரு வருஷமாகக் கோரஸ் பாடுகிறேன். பின்வரிசை, ஓரத்து இடம். கதாநாயகி என் தங்கை. பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. வயிறெரிந்து அழுத நாட்களும் உண்டு. நெஞ்சில் சளி கட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வேடம் என்னிடம் வந்தது.

"ரெண்டு நாள்ல வந்துருவேன்க்கா. அதுவரைக்கும் நீ பாடு. வேற யாருக்கும் விட்டுடாதே" என்றாள் போனில்.

இயக்குநர் இவ்வளவு இனிக்கப் பேசவில்லை. "ஆறு மணிக்குப் பாடிக் காட்டுங்க. அந்த வரி வரலைன்னா வேற ஆள் தயாரா இருக்கு."

கதாநாயகி தனியாகப் பாடும் பாட்டின் கடைசி வரி அது. பதினாறு எண்ணிக்கை. ஒரே மூச்சில் பாடவேண்டும். எனக்குப் பதினொன்றிலேயே மூச்சு முட்டியது. மிச்சம் ஐந்து.

கோரஸ்காரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. மூச்சு தீர்ந்தால் சத்தமில்லாமல் வாயை மூடிக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் பாட்டைத் தாங்கிக்கொள்வார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வோம். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறேன். தனியாகப் பாடுகிறவளுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஒத்திகை அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். போனில் பியானோ பதிவை ஓடவிட்டுப் பாடினேன். பதினொன்றில் உடைந்தது. மறுபடி. மறுபடி. தொண்டை எரிந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"யாராவது தாங்கிக்கோங்களேன்... அஞ்சே அஞ்சு எண்ணிக்கை!" என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

மணி 4.32. எழுந்து பாடினேன். பதினொன்று வந்தது. பழக்கதோஷம், வாயை மூடிவிட்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

பன்னிரண்டு... பதின்மூன்று... என் இடது பக்கம், தோளருகே, மெல்லிய குரல். பதினாறு வரை போய் நின்றது.

எதிரொலி என்று நினைத்தேன். அடுத்த முறை பியானோ பதிவை நிறுத்திவிட்டுப் பாடினேன். பதினொன்றில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

குரல் பாடியது.

கண்ணாடியில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். ஆனால் எனக்கு இடது பக்கம், ஒரு வாய் இருக்கவேண்டிய உயரத்தில், கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பார்க்கப் பார்க்க மறைந்தது.

ஓடியிருக்கவேண்டும்.

ஓடவில்லை.

எனக்கு அந்த வேடம் வேண்டும். திரும்பத் திரும்பப் பாடினேன். ஒவ்வொரு முறையும் அது வந்தது. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் இளைத்தது...

ஆறு மணி. மேடை. எதிரே இயக்குநர்.

பாடினேன். பத்து... பதினொன்று...

வேண்டுமென்றே வாயை மூடினேன்.

அது பாடியது. பதினாறில் அறுந்தது.

இயக்குநர் எழுந்தே விட்டார். "இவ்ளோ நாள் இந்தக் குரலை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? வேடம் உங்களுக்குத்தான்."

மணி 6.05. தங்கையிடம் முதலில் சொல்லவேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் கணவர் எடுத்தார்.

"நாலரைலேருந்து அவளுக்கு மூச்சு விட்டு விட்டு நின்னுச்சுக்கா" என்றார். "நான் கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். சரியா அஞ்சு எண்ணுறவரைக்கும் நிக்கும். அப்புறம் திரும்ப வந்துரும். இப்போ கொஞ்ச நேரம் முன்னாடியும் நின்னுச்சு... அஞ்சு எண்ணிட்டேன். ஆறு, ஏழு... எண்ணிக்கிட்டே இருந்தேன்க்கா. வரவே இல்லை."