அலமாரிப் பேய்க்கு ஒரு டார்ச்

ஊரையே அலற வைத்த அந்தப் பேய்க்கு அடிக்கடி தொண்டை கட்டும். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். படத்தில் தலைவிரி கோலமாக வருகிறவள் வேறொருத்தி. குரல் மட்டும் நம்முடைய ஆளுடையது. டப்பிங் தியேட்டரில் எல்லோருக்கும் அவள் பேயக்கா. அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். முதல் படத்துக்கு முன்பு கூட்டத்தோடு கூட்டமாக அழுகிற வேலைதான் கிடைத்தது, அதற்கு இது எவ்வளவோ தேவலை என்பாள்.

வீட்டில் பயிற்சி செய்வதுதான் பெரும்பாடு. ஒருமுறை ஹாலில் நின்று அலறியதைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து, பாவம், சிவனே என்று பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவரை முறைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து துணி அலமாரிதான். தொங்குகிற துணிகள் சத்தத்தை வெளியே விடாது. மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் வசனம் பேசுவாள்.

அந்த அலமாரி இருந்தது ஏழு வயது மகளின் அறையில். எப்போது காதில் விழுந்ததோ, சில மாதங்களாகப் பாப்பா தூங்கும்போது விளக்கை அணைக்க விடுவதில்லை. போதாததற்கு ஒரு நாற்காலியை இழுத்து அலமாரிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் “சும்மா” என்பாள். தன் குரலைக் கேட்டுத்தான் பிள்ளை பயப்படுகிறது என்று பெற்றவள் முடிவு கட்டினாள். ஊரான் பிள்ளைகள் காசு கொடுத்துப் பயப்படுகிறார்கள், அது அவர்கள் பாடு. சொந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்து என்ன பிழைப்பு வேண்டிக் கிடக்கிறது?

அந்த நேரம் பார்த்துப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. இந்தப் பேய் முதன்முதலில் ஒரு குழந்தையின் கற்பனையில் எப்படிப் பிறந்தது என்பது கதை.

“அக்கா, இதுல கத்தக் கூடாது. அந்தக் குழந்தைக்கு இந்தப் பேய்தான் கூட்டாளி. அது மாதிரி பேசுங்க” என்றார் இயக்குநர்.

அவளும் தேனொழுகப் பேசிப் பார்த்தாள். “சோப்பு விளம்பரம் மாதிரி இருக்குக்கா” என்று உதட்டைப் பிதுக்கினார். வேறு ஆளைத் தேடச் சொல்லிவிடலாம் என்று அவள் முடிவெடுத்தாள். பாப்பாவாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

மனசு கேட்டால்தானே? போன் செய்வதற்கு முன் கடைசியாக ஒருமுறை என்று அலமாரிக்குள் நுழைந்தாள். பாப்பா மாடிவீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

“நான் இங்கதான் இருக்கேன்” என்று பேய்க் குரலில் ஆரம்பித்தாள். வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவில் முட்டி நின்றது.

“மெதுவாப் பேசு. அம்மா வந்துடுவாங்க” என்றது பாப்பாவின் குரல்.

உள்ளே இருந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் பேய்க் குரலிலேயே கேட்டாள்.

“என்னைப் பாத்தா உனக்குப் பயமா இல்லையா?”

“எனக்கு எதுக்குப் பயம்? நீதான அழுதுட்டே இருக்க. உனக்கு இருட்டு பிடிக்காதுன்னுதான் லைட்டு போட்டு வெக்கிறேன். அம்மா திடீர்னு தொறந்தா நீ பயந்துடுவன்னுதான் நாற்காலி.”

அலமாரிக்குள் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் எதை நினைத்து மருகினாள், இது என்ன கூத்து. கதவைத் தள்ளினாள். நாற்காலி அசைந்தால்தானே?

“பாப்பா, நான்தான்டா. நாற்காலிய எடு” என்றாள் சொந்தக் குரலில்.

நாற்காலி மெல்ல விலகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. பாப்பா அம்மாவைப் பார்த்தாள், துணிகளை விலக்கிப் பின்னால் பார்த்தாள், திரும்பவும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலத் திருதிருவென்று விழித்தாள். ஆசையாகக் காப்பாற்றிய கூட்டாளியைப் பறித்துவிட்டோமே, இனி இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று துடித்தாள்.

“அப்போ, பயந்துட்டு இருந்தது நீயா?” என்றாள் பாப்பா.

“ஆமாடா. நான்தான்.”

பாப்பா யோசித்தாள். பிறகு அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அன்று படுக்கும்போது அவளே விளக்கை அணைத்தாள். “உள்ள யாரும் இல்லையே, அப்புறம் எதுக்கு?” என்றாள்.

மறுநாள் அலமாரியைத் திறந்தால், அம்மா உட்காரும் இடத்தில் ஒரு தலையணையும் பாப்பாவின் குட்டி டார்ச்சும் இருந்தன.

டப்பிங் தியேட்டருக்கு அந்த டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போனாள். மைக் முன்னால் அதை எரியவிட்டு வைத்தாள். கத்தவுமில்லை, குழையவுமில்லை. கதவுக்கு வெளியே தனக்காக ஒருத்தி காவல் நிற்கிறாள் என்று நம்பிப் பேசினாள்.

பேசி முடித்ததும் இயக்குநர் எழுந்து அவளருகே வந்தார்.

“இதான்க்கா” என்றார். “அது சரி, டார்ச் எதுக்கு?”

“எங்க வீட்ல ஒருத்தி குடுத்துவிட்டா தம்பி” என்றாள் அவள். “பேய்க்கு இருட்டுன்னா பயமாம்.”