வேர்வைக்காக அழுத நாள்

பாம்பன் கரையில் நாட்டுப்படகு ஓட்டும் சவரிமுத்து நான். எனக்கு வேர்க்க வெயில் தேவையில்லை. யாராவது உற்றுப் பார்த்தாலே நெற்றியிலிருந்து தாரை தாரையாக ஊற்றும். கடலில் ரோந்துக்காரர்கள் கடத்தல் சோதனைக்கு வந்தால் வம்புதான். மற்றவனுக்குத் திருட்டு முழி, எனக்குத் திருட்டு வேர்வை. ஒருமுறை அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் படகை அரை நாள் நிறுத்திவிட்டார்கள். பிடித்த மீனெல்லாம் நாறிப்போயிற்று. அன்றுமுதல் கோயிலில் எனக்கு ஒரே மன்றாட்டு: ஆண்டவரே, இந்த வேர்வையை எடுத்துவிடும்.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். ராத்திரி முகத்தைத் துடைத்துக் காயவிட்டுப் பூசும் மருந்து உண்டு, மாத்திரை உண்டு, நெற்றியில் ஊசியும் போடலாம். ஆபரேஷனும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகு உடம்பில் வேறு இடத்தில் வேர்வை கூடிவிடலாம் என்றார். மாத்திரையை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போடக்கூடாது, வெயிலில் வேலை செய்யும் நாளில் தொடவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மாத்திரை போட்டு முகம் காய்ந்ததும், ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று வீட்டில் கூத்தாடினேன்.

சித்திரையில் ஒரு நாள். கடலில் சோதனை கடுமை என்று கேள்விப்பட்டு, புறப்படும்போதே இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டேன். படகில் நானும் என் மனைவியின் தம்பி அமலனும்தான். உச்சி வெயிலில் வலை இழுக்கையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் இருட்டி விழுந்தேன்.

அமலன் என்னைத் தொட்டுப் பார்த்துக் கத்தினான்.

"மச்சான், உங்களுக்கு வேர்க்கவே இல்ல. என்னத்தப் போட்டுட்டு வந்தீக?"

வாளி வாளியாகக் கடல் தண்ணீரை என்மேல் ஊற்றினான். படகைத் திருப்பினான். கரை கண்ணுக்கே தெரியவில்லை. அவன் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என் பிள்ளைகளை இனிப் பார்க்க மாட்டேன் என்று தோன்றியது. பயத்தில் வாய் குழறியது.

"ஆண்டவரே, தெரியாமக் கேட்டுட்டேன். அந்த வேர்வையத் திருப்பிக் குடுத்துரும்."

கரை சேர்ந்தது எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு" என்றாள்.

நாங்கள் இருவரும் அழுதோம்.

டாக்டரம்மாவிடம் நல்ல திட்டு வாங்கினேன். இப்போது ராத்திரி பூசும் மருந்து மட்டும்தான். வேர்வை பாதி குறைந்திருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்களிடம் இது எனக்கு வியாதி என்று நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

சகோதரங்களே, ஆண்டவரிடம் பயப்படாமல் கேளுங்கள். கேட்டதையே தராவிட்டாலும் அவர் உங்களைக் கைவிட மாட்டார். ஞாயிறு பூசையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நன்றி சொல்கிற ஆள் நான்தான். வந்து பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.